பொன்ட்ரியாகினும் தாமதக் கணக்கும்

மலர்க் குழு நண்பர்கள் இந்த வருடம் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். ஹாஸ்டல் நினைவு, மெஸ் சாம்பார், கல்லூரிப் பஸ் பற்றியெல்லாம் எழுத ஏற்கனவே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீ படிச்ச சப்ஜெக்டில் இருந்து ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுது, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகப்படணும் என்றார்கள். நான் வேலை பார்ப்பது பிராசஸ் கன்ட்ரோலில். அங்கே எனக்குத் தினசரி எதிரி ஒன்று உண்டு. அதன் பெயர் தாமதம், டைம் டிலே. வால்வைத் திறந்தால் அதன் பலன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கன்ட்ரோலர் பொறுமை இழந்து இன்னும் திறந்துவிடும். இந்த எதிரியைக் கணிதத்தால் முதலில் கட்டிப்போட்டவர்களில் ஒருவர் ரஷ்ய நாட்டு லெவ் செம்யோனோவிச் பொன்ட்ரியாகின். எம்.இ. படித்தவர்களுக்கு இவர் பெயர் மேக்ஸிமம் பிரின்ஸிபிள் என்ற பாடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பி.இ.யோடு நிறுத்திக்கொண்ட பலருக்கு இவரைத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே இவரையே எடுத்துக்கொண்டேன்.

பொன்ட்ரியாகின் 1908 செப்டம்பர் 3-ஆம் தேதி மாஸ்கோவில் பிறந்தார். அப்பா கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். அம்மா தத்யானா ஆண்ட்ரியேவ்னா துணி தைப்பவர். வசதி இல்லாத குடும்பம். பையனுக்கு 14 வயதில் வீட்டில் பிரைமஸ் ஸ்டவ் வெடித்தது. நம் வீடுகளில் காஸ் வருவதற்கு முன்னால் இருந்ததே, பம்ப் ஸ்டவ், அதேதான். பம்ப் ஸ்டவ் வெடித்த கதை நம் ஊர் ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும். பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பையனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதிப் பெருமை அந்த அம்மாவுக்குத்தான் சேர வேண்டும் என்பது என் கட்சி. தத்யானா அம்மாளுக்குக் கணிதம் தெரியாது. ஆனாலும் மகனுக்குக் கணிதப் புத்தகங்களை வரி வரியாக வாசித்துக் காட்டினார். குறிகளின் பெயர் தெரியாததால், கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே சொல்வாராம். கணங்களின் சேர்ப்புக் குறி வந்தால் வால் மேலே, வெட்டுக் குறி வந்தால் வால் கீழே. மகன் அதை மனதில் சமன்பாடாக மாற்றிக்கொள்வார். பிறகு வெளிநாட்டுக் கட்டுரைகளை வாசிக்க வேண்டி வந்தபோது அந்த அம்மாள் வேற்று மொழிகளையும் வாசிக்கக் கற்றுக்கொண்டார். மகனுடைய கையெழுத்துப் பிரதிகளில் சூத்திரங்களை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பல வருடங்கள் சம்பளம் இல்லாத செக்ரட்டரி.

1925-இல் பொன்ட்ரியாகின் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்பில் நோட்ஸ் எடுக்க முடியாது. கேட்டதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மில் சிலர் நோட்ஸ் இருந்தும் அரியர் வைத்தவர்கள். இவர் 1929-இல் பட்டம் வாங்கினார். 1934-இல் ஸ்டெக்லோவ் கணித நிறுவனத்தில் சேர்ந்தார். 1935-இல், 27 வயதுக்குள், பேராசிரியர். பார்வை இல்லாதவர் என்று யாரும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போவதை அவர் விரும்பவில்லை. பனிச்சறுக்குக் கூடப் பழகிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆரம்ப வருடங்களில் அவர் துறை டோபாலஜி. ஆசிரியர் அலெக்ஸாந்த்ரோவ். அந்த வேலையை நான் விளக்கப் புகுந்தால் மலர்க் குழுவினர் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள், எனக்கும் அது முழுசாகப் பிடிபடாது. 1938-இல் வந்த அவருடைய தொடர்க் குழுக்கள் பற்றிய நூல் உலகம் முழுக்கப் பாடநூலாயிற்று, 1941-இல் அரசுப் பரிசும் கிடைத்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லணும். 1930-களில் கோளங்கள் பற்றி அவர் வெளியிட்ட ஒரு முடிவு தப்பாகப் போய்விட்டது. 1950-இல் அவரே அதைத் திருத்தி வெளியிட்டார். பெரிய ஆட்கள் இப்படிச் செய்வது அபூர்வம்.

பொறியியல் பக்கம் அவரை இழுத்துக்கொண்டு வந்தவர் ஆண்ட்ரோனோவ் என்ற இயற்பியலாளர். கோர்க்கி நகரத்துக்காரர், ஆஸிலேஷன் பற்றி ஆராய்ந்தவர். இயந்திரத்தின் எண்கள் கொஞ்சம் மாறினாலும் அதன் நடத்தை அடிப்படையில் மாறாமல் இருக்குமா என்ற கேள்வியை இருவரும் எடுத்துக்கொண்டு 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்று ரோபஸ்ட் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற எண்ணத்தின் வேர்களில் அதுவும் ஒன்று.

இப்போது தாமதக் கதைக்கு வருகிறேன். சந்திப்பை இந்த முறை ஏற்காட்டில் வைத்திருப்பதால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, மறுநாள் காலைக் குளிரில் பாத்ரூமுக்குள் நுழைகிறீர்கள். சோலார் ஹீட்டர் மொட்டை மாடியில். அங்கிருந்து கீழே வருகிற அரை அங்குலக் குழாய் சுமார் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாய்க்குள் மட்டும் மூன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வேகத்தில் விட்டால், மாடியில் கலந்த வெந்நீர் உங்கள் தலைக்கு வர 35 நொடி ஆகும். கலக்கும் வால்வும் மாடியில் இருக்கிறது, கீழே இருந்து பட்டனை அழுத்தித் திருப்புகிறீர்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, வெந்நீரைக் கூட்டுகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கூட்டுகிறீர்கள். 35 நொடி கழித்து முதுகு வெந்துபோகிறது. உடனே குறைக்கிறீர்கள், அதுவும் 35 நொடி கழித்துத்தான் வரும். இப்படியே மாறி மாறி.

அளவு பெரிதானாலும் விஷயம் இதேதான். லேடீஸ் சீட்டில் நின்றால் வானம் தெளிவாக உள்ள நாளில் மேட்டூர் அணை தெரியும் என்பார்கள். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேரச் சுமார் 3 நாள் ஆகும். கல்லணையில் மட்டத்தைப் பார்த்து மேட்டூரில் ஷட்டரைத் திருத்துகிறவர் 3 நாளைக்கு முந்தைய உத்தரவின் பலனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். டெல்டா விவசாயிக்கு இது கணித விளையாட்டு இல்லை.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதிய யாருக்கும் போல் என்றால் தெரியும். கேரக்டரிஸ்டிக் சமன்பாட்டின் மூலங்கள். எல்லாம் இடது பாதியில் இருந்தால் சிஸ்டம் அடங்கும். ஒன்று வலது பக்கம் போனாலும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு மூன்று மூலம். ஸ்டேட் ஃபீட்பேக் கொடுத்தால் மூன்றையும் நாம் நினைத்த இடத்தில் உட்கார வைக்கலாம். இதுதான் போல் பிளேஸ்மென்ட். 1967-இல் வான்ஹம் பல இன்புட் உள்ள சிஸ்டத்துக்கு இதை நிறுவினார். 1972-இல் ஆக்கர்மன் கொடுத்த சூத்திரத்தை நாம் மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கினோம்.

தாமதம் நுழைந்தால் இந்த அழகெல்லாம் போச்சு. சமன்பாட்டில் எக்ஸ்பொனென்ஷியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூலங்கள் முடிவிலி ஆகிவிடுகின்றன. மேலே சொன்ன குழாய்ச் சமன்பாட்டில் தாமதம் இல்லாவிட்டால் ஒரே ஒரு போல். 35 நொடி தாமதம் சேர்ந்தால் எண்ணிலடங்காத போல்கள். நம் கையில் இருப்பது ஒரே ஒரு கெயின். ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு ஆயிரம் மாட்டை மேய்க்கிற கதை. ஆறுதல் என்னவென்றால், இந்த வகைச் சிஸ்டத்தில் எந்த நேர்கோட்டுக்கு வலப்புறமும் எண்ணி முடிக்கக் கூடிய போல்கள்தான் இருக்கும். மீதி எல்லாம் இடப்பக்கம் தொலைவுக்கு ஓடிவிடும். ஆனால் வலது பாதியில் ஒன்று கூட இல்லை என்று எப்படி உறுதி செய்வது? சாதாரண பல்லுறுப்புக் கோவைக்கு 1877-இல் ரவுத் கொடுத்த அட்டவணையும் 1895-இல் ஹர்விட்ஸ் கொடுத்த நிபந்தனையும் இங்கே அப்படியே உதவாது.

இந்தக் கேள்விக்கான பதில் போர்க்காலத்தில் வந்தது. 1941-இல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது ஸ்டெக்லோவ் நிறுவனத்தைக் கசான் நகரத்துக்கு மாற்றினார்கள். 1942-இல் பொன்ட்ரியாகின் சில எளிய டிரான்ஸெண்டென்ட்டல் சார்புகளின் பூஜ்யங்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நாடு எரிந்துகொண்டிருக்கும்போது, பார்வை இல்லாத ஒருவர், கண்ணுள்ளவர்களே வரைபடம் போட்டுப் பார்க்கத் திணறுகிற மூலங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம் இது.

அவர் சொன்ன வழியைக் குழாய்க் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். சார்பில் கற்பனை அச்சின் மீதுள்ள மதிப்பைப் போட்டால் அது மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி என இரண்டாகப் பிரியும். இரண்டின் பூஜ்யங்களும் முழுக்க மெய்யெண்களாக இருக்க வேண்டும். அதோடு பூ ஒன்று, தழை ஒன்று என்று சரம் தொடுப்பது போல ஒன்றின் பூஜ்யமும் மற்றதன் பூஜ்யமும் மாறி மாறி வர வேண்டும். ஏதாவது ஒரு புள்ளியில் ஒரு குறியை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும். எல்லாப் போல்களும் இடது பாதியில்தான். முடிவிலி மூலங்களில் ஒன்றைக் கூட நேரடியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பூஜ்யங்கள் எல்லாம் மெய்தானா என்பதற்கும், ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் எத்தனை இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் வழியை அவரே கொடுத்திருக்கிறார்.

நம் உதாரணத்தில் கற்பனைப் பகுதியில் கொசைன் வருகிறது. அதன் முதல் பூஜ்யம் 90 டிகிரி, அதாவது பையில் பாதி. மாறி மாறி வரும் நிபந்தனையைப் பொருத்தினால் கெயினையும் தாமதத்தையும் பெருக்கிய தொகை 1.57-ஐத் தாண்டக் கூடாது என்று வருகிறது. 35 நொடித் தாமதத்துக்குக் கெயின் 0.045-க்குள் இருக்க வேண்டும். அதாவது ஒரு நொடியில் பிழையின் நாலரை சதவீதத்துக்கு மேல் திருத்தக் கூடாது. சரியாக அந்த எல்லையில் வைத்தால் தண்ணீர் சூடும் குளிருமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு 140 நொடி, தாமதத்தைப் போல் 4 மடங்கு. மேட்டூர்–கல்லணைக்கு இதே மாதிரியைப் பொருத்தினால் 12 நாள் சுற்று. ஆடாமல் அசையாமல் வந்து நிற்கணும் என்றால் பெருக்குத்தொகை 0.37 அளவில் இருந்தால் நல்லது. அப்போது முன்னணிப் போல்கள் இரண்டும் மெய் அச்சில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கெயின் 0.0105, நொடிக்கு 1 சதவீதம். குளிரில் நடுங்குகிறவருக்கு இவ்வளவு பொறுமை வராது, அது வேறு விஷயம். தாமத சிஸ்டத்தில் போல் பிளேஸ்மென்ட் என்றால் நடைமுறையில் இதுதான்: கைக்கு எட்டிய முன்னணிப் போல்களை விரும்பிய இடத்தில் வைத்துவிட்டு, மற்றவை வலது பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்வது. பின்பாதி வேலைக்குத்தான் பொன்ட்ரியாகின்.

இந்தக் கட்டுரை அமெரிக்கக் கணிதக் கழகத்தின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது 1955-இல். தாமதம் பற்றிய கட்டுரைக்கே 13 வருடத் தாமதம்!

பிற்பாடு வேறு வழிகளும் வந்தன. 1957-இல் பெர்க்லியில் ஓட்டோ ஸ்மித் ஒரு யோசனை சொன்னார். குழாய்க்குள் ஏற்கனவே அனுப்பிய தண்ணீர் எவ்வளவு சூடு என்பது நமக்குத் தெரியுமே, அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு திருத்தலாமே என்பதுதான் சாரம். தானாகவே நிலைகுலைகிற பிளான்டில் மட்டும் அது கைவிட்டுவிடும். 1979-இல் மனிடியஸ், ஓல்ப்ராட் இருவரும், கடந்த தாமத நேரத்தில் கொடுத்த இன்புட்களைத் தொகையிட்டு ஃபீட்பேக்கில் சேர்த்தால் முடிவிலிப் போல்கள் மறைந்து, எண்ணி வைத்தாற்போலச் சில மட்டும் மிஞ்சும், அவற்றை நினைத்த இடத்தில் வைக்கலாம் என்று காட்டினார்கள்.

பொன்ட்ரியாகினுக்குத் திரும்புகிறேன். 1950-களின் ஆரம்பத்தில் அவர் டோபாலஜியை அநேகமாக மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பொறியாளர்கள் கொண்டுவரும் கேள்விகளுக்கென்றே ஒரு செமினார் நடத்தத் தொடங்கினார். 45 வயதை நெருங்கும்போது, பெயரும் புகழும் வந்த துறையை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போவதென்றால் சும்மா இல்லை. 1955-இல் விமானப்படை அதிகாரிகள் வந்து, ஒரு விமானம் இன்னொன்றைக் குறைந்த நேரத்தில் எட்டிப் பிடிப்பது எப்படி என்று கேட்டார்கள். அதிலிருந்து 1956-இல் பிறந்ததுதான் மேக்ஸிமம் பிரின்ஸிபிள். கூட உழைத்தவர்கள் போல்டியான்ஸ்கி, கம்கிரெலிட்ஸே, மிஷ்சென்கோ. இன்புட்டுக்கு உச்சவரம்பு இருக்கும்போது எது சிறந்த கன்ட்ரோல் என்பதை இது கண்டுபிடித்துக் கொடுக்கிறது. பல சமயம் விடை, முழுக்கத் திற அல்லது முழுக்க மூடு என்று வரும். நம்ம ஊர் டவுன் பஸ் டிரைவர் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் மிதிக்கிற மாதிரி. 1958-இல் எடின்பரோ உலகக் கணித மாநாட்டில் அவர் இதைப் பற்றிப் பேசினார். 1961-இல் நால்வரும் சேர்ந்து எழுதிய நூல் வந்தது. 1962-இல் லெனின் பரிசு. தாமதம் உள்ள சிஸ்டத்துக்கும் இதே கொள்கையை 1961-இல் கரதிஷ்விலி நீட்டிக் கொடுத்தார்.

அவர் பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடம் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற நூலானது. நீராவி இயந்திரத்தின் வாட் கவர்னர் ஏன் சில சமயம் தறிகெட்டு ஆடுகிறது என்பதற்கு அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. என்.சி.பி.எச். கடையில் பிஸ்குனோவ் கால்குலஸ் வாங்கிப் படித்த நம் சீனியர்களுக்கு அந்தக் காலத்து சோவியத் பாடநூல்களின் தெளிவு தெரிந்திருக்கும். கணிதக்காரர் இயந்திரத்தையும், இயந்திரக்காரர் கணிதத்தையும் கேவலமாக நினைக்காத எழுத்து.

நல்லதை மட்டும் எழுதிவிட்டு நகர்வது நியாயமாகாது. 1970-களில் பொன்ட்ரியாகினுக்குப் பதவியும் அதிகாரமும் நிறைய இருந்தன. 1970 முதல் 1974 வரை உலகக் கணித ஒன்றியத்தின் துணைத் தலைவர். அந்த வருடங்களில் யூதக் கணிதவியலாளர்களுக்கு விரோதமாக நடந்துகொள்கிறார் என்று மேல்நாட்டிலும், சோவியத் நாட்டை விட்டு வெளியேறியவர்களிடமிருந்தும் கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்து எழுதினார். மறுப்பால் அது ஓய்ந்துவிடவில்லை. இன்றும் அவரைப் பற்றிய பேச்சில் அது வருகிறது. கண் போன பையனுக்காக உருகுகிற நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் அவர் இறங்கிய சண்டை ஆறுகள் பற்றியது. வடக்கே ஓடும் ஆறுகளின் தண்ணீரைத் தெற்கே திருப்பிவிட சோவியத் அரசு பிரம்மாண்டமான திட்டம் வைத்திருந்தது. காஸ்பியன் கடலின் மட்டம் இறங்கிக்கொண்டே போகும் என்ற முன்கணிப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். பொன்ட்ரியாகின் அந்த முன்கணிப்பின் கணிதத்தைத் தோண்டிப் பார்த்து, அது நிற்காது என்று எதிர்த்தார். நிஜத்தில் 1978 முதல் காஸ்பியன் மட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. விஞ்ஞானிகள், எழுத்தாளர்கள் என்று பலர் சேர்ந்து எதிர்த்ததில் 1986 ஆகஸ்டில் அரசு அந்த வேலையை நிறுத்தியது. ஒரு தப்பான மாடலை நம்பி எத்தனை ஆயிரம் கோடி மண்ணில் போட இருந்தார்கள் என்று நினைத்தால், நாம் பைலட் பிளான்ட்டில் டேட்டா எடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே கவனம் வரும்.

1988 மே 3-ஆம் தேதி மாஸ்கோவில் காலமானார். நோவோதேவிச்சி இடுகாட்டில் அடக்கம். தன் வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதி வைத்திருந்தார். 1998-இல் அது புத்தகமாக வந்தது.

1942 கட்டுரைக்கு அதன் பிறகும் ஒரு ஜன்மம் கிடைத்தது. தொழிற்சாலைகளில் இன்றும் பெரும்பாலான லூப்களில் ஓடுவது பி.ஐ.டி. கன்ட்ரோலர்தான். தாமதம் உள்ள பிளான்ட்டை நிலையாக வைக்கக் கூடிய பி.ஐ.டி. எண்கள் மொத்தம் எவை எவை என்ற கேள்விக்கு நெடுங்காலம் முழு விடை இல்லாமல் இருந்தது. 1942-இல் வந்த ஸீக்லர்–நிக்கல்ஸ் விதியை வைத்து ஏதோ ஒரு செட்டைப் பிடித்துக்கொண்டு சமாளித்தோம். கில்லர்மோ சில்வா, அனிருத்த தத்தா, எஸ்.பி. பட்டாச்சார்யா மூவரும் பொன்ட்ரியாகின் முறையை எடுத்துக்கொண்டு, முதல் படிப் பிளான்ட்டும் தாமதமும் சேர்ந்த மாதிரிக்கு அந்த முழுப் பரப்பையும் கணக்கிட்டு, 2005-இல் நூலாகவே போட்டார்கள். பட்டாச்சார்யா 1967-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து வெளியே வந்தவர்.

ஃபைனல் இயர் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். லேப்டாப்பில் ஸைலாப் இலவசமாகவே கிடைக்கும். 35 நொடித் தாமதத்தோடு ஒரு இன்டெக்ரேட்டரைப் போட்டுக் கெயினை 0.0105, 0.03, 0.05 என்று மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். முதலாவது அமைதியாக வந்து நிற்கும். இரண்டாவது ஆடி அடங்கும். மூன்றாவதை ஓட்டும்போது ஷவருக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம்.